பல்குச்சித் தட்டு

மண் மிதிக்கும் குழியில் இறங்கிவிட்டால் எங்கள் தெருப் பெண்களின் வாய்க்குக் கதவு கிடையாது. கால் மண்ணில் வேலை செய்யும், வாய் ஊரில் வேலை செய்யும். அன்றைக்கு அவேரோவும் குழியில் இறங்கினாள். புருஷன் ஒஜெலாடே செத்த பிறகு தலை பின்னாமல் மூலையில் கிடந்தவள், துக்கம் கழிந்து மறுபடி மண்ணில் கால் வைத்தது அன்றைக்குத்தான். முந்தின நாள்தான் தலையைச் சிரைத்துக்கொண்டு, ஓடையில் குளித்து, துக்கத் துணியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மொட்டைத் தலையில் வடக்கத்திக் காற்றின் புழுதி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"குச்சி எப்ப வருதாம்?" என்று ஒஜெலாடேயின் அண்ணன் பொலாரினின் இரண்டாவது மனைவி ஆரம்பித்தாள்.

"வர்றப்ப வரும். நீ மண்ணைப் பாத்து மிதி. கல்லு கிடக்கு."

"எங்க வீட்டுக்காரரு ஓடைப் பக்கம் போய்ப் புதுக் குச்சியா ஒடிச்சிட்டு வந்து வெச்சிருக்காரு. எங்க மூணு பேருக்காக அவரு ஓடைப் பக்கம் போனதே இல்லை."

எல்லாரும் சிரித்தோம். அவேரோவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு மண்ணுக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

நான் பக்கத்து வீட்டு மருமகள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மண்குழி ஒன்று, சூளைக்களம் ஒன்று. அவர்களுடையது மணிக்காரர் வீடு. ஆண்கள் எல்லாரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, வடக்கேயிருந்து வணிகர்கள் கொண்டுவரும் சிவப்புக் கல்லை உடைத்து, தேய்த்து, இரும்பு ஊசியால் துளை போடுவார்கள். விடிந்ததிலிருந்து டக் டக் என்ற சத்தம். கல்லானாலும் கணவன் என்பார்களே, அந்த வீட்டில் கணவன்மாரைக் கல்லோடு கல்லாகத்தான் பார்க்க முடியும். பெண்கள் பானை செய்வார்கள். பெண் எடுக்கும்போதே மண் வேலை தெரியுமா என்று கேட்டுத்தான் எடுப்பார்கள்.

அவேரோ சாயத் தாழி செய்கிறவள். சாயக்காரிகள் நீலம் ஊறப்போடும் பெரிய தாழி, ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம். நாங்கள் எல்லாம் குடமும் சட்டியும் செய்வோம். தாழிக்கு விளிம்பு கட்டும்போது அது தன் கனத்தில் தானே உட்கார்ந்துவிடும். அவேரோ கை வைத்தால் உட்காராது. அதற்கு என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யமாட்டாள். பொறுத்திருப்பாள், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துக்கம் கழிந்தவளுக்கு, வீட்டு ஆண்களில் யார் யாருக்கு அவளைச் சேர்த்துக்கொள்ள மனமோ அவரவர் மென்ற பல்குச்சியைத் தட்டில் வைத்து அனுப்புவார்கள். ஒன்றை எடுத்தால் அவள் அந்த வீட்டிலேயே இருப்பாள். எடுக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை, அது இங்கேதான் நிற்கும். அவேரோவுக்கு ஒரே மகள், அயினா. இன்னும் பல் விழாத வயது. அவேரோவின் பிறந்த ஊரில் கிழங்கு நன்றாக விளையும். களிமண் ஒரு கைப்பிடி கிடைக்காது.

மனம் இல்லாதவள் தப்பிக்க நாசூக்கான வழி ஒன்று உண்டு. வீட்டில் உள்ள சின்னப் பையன் யாருடைய குச்சியையாவது எடுத்துவிடலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை, அவள் பாட்டுக்கு இருந்துகொள்வாள். ஆனால் மணிக்காரர் வீட்டில் இருந்த சின்னப் பையன்கள் எல்லாம் பொலாரின் பெற்றவர்கள். மகன் குச்சியை எடுத்தாலும் அப்பன் அடுப்படிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். போதாக்குறைக்கு, பொலாரின் தன் மனைவிமாரைப் பானை வேலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மணிக்கு மெருகு போட உட்கார்த்திக்கொண்டிருந்தார். மிதிக்கும் குழிக்கு இரண்டாவது மனைவியைத் தவிர யாரும் இப்போது வருவதில்லை. அவளும் வம்பு பேசத்தான் வந்தாள்.

*

வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு அந்த வீட்டில் பிறந்த எல்லாரும் புருஷர்தான். நண்டு சிண்டு எல்லாம் புருஷர். பெண்ணாய்ப் பிறந்ததும் புருஷர்தான். பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் நாங்களாக ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். அவேரோவுக்குப் பொலாரின் பெரிய புருஷர், கடைக்குட்டி லானியன் கொசுப் புருஷர். செத்துப்போனவனின் தங்கை ஓயாபி நெட்டைப் புருஷர்.

ஓயாபி கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளை இல்லாமல், பேச்சுத் தாங்காமல் திரும்பி வந்தவள். மணிக்கூடத்தில் உட்காரும் ஒரே பெண். ஆண்கள் துளைத்துப் போடும் மணிகளைப் பொறுக்கி, நிறம் பார்த்து, கோத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். துளை கோணலாக இருந்தால் அண்ணன் என்றும் பார்க்காமல் தூக்கி எறிவாள்.

தினமும் காலையில் அவேரோ கூடத்து வாசலில் முழங்காலிட்டு, "விடிஞ்சு எழுந்தீங்களா நெட்டைப் புருஷரே, உடம்பு சுகமா இருக்கீங்களா" என்பாள். ஓயாபி பதில் சொல்வதில்லை. எங்கள் ஊரில் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். ஒஜெலாடே செத்த அன்றைக்கு, பிணத்தைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால், ஓயாபி எல்லார் எதிரிலும் கத்தினாள்.

"ஒஞ் சூளைப் புகைதாண்டி எங்கண்ணன் நெஞ்சை அடைச்சது! மாசாமாசம் தாழி தாழின்னு எரிச்சு எரிச்சு கூடத்துக்குள்ள புகையை விட்ட. இருமி இருமியே செத்தான்!"

 அன்றிலிருந்து ஓயாபி அவேரோவிடம் பேசவில்லை.

அந்தச் சொல் அவேரோவுக்குள்ளே என்ன பண்ணியது என்பது தாழி காய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

*

அதற்கு முன்னால் லானியன் வந்தான். பழைய பானையைக் கவிழ்த்து அதன்மேல் அடிப்பாகம் தட்டி எடுத்து, அதற்குமேல் மண்திரியைச் சுற்றிச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள் அவேரோ. தாழி கட்டுகிறவள் பின்பக்கமாக நடந்துதான் அதைச் சுற்றிவர வேண்டும். நின்றால் சுவர் ஒரு பக்கம் தடித்துவிடும். அவளோடு பேச வந்தவன் என்ன செய்வான்? அவளைப் பார்த்தபடி அவனும் சுற்றினான்.

"நான் நல்லா வெச்சுக்குவேன்," என்றான் சுற்றிக்கொண்டே. "என் கையில தொழில் இருக்கு. சின்ன வயசு. அண்ணன் மாதிரி மூணு பொண்டாட்டி இல்லை."

"சரிங்க கொசுப் புருஷரே. கொஞ்சம் தள்ளி வாங்க. தண்ணிச் சட்டியை மிதிச்சிருவீங்க."

"நான் நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன். நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப நீங்க அம்மணமா ஓடிட்டிருந்தீங்க. மூக்கு சிந்தி விட்டது இந்தக் கைதான்."

"இப்ப சிந்த வேணாமே!"

"அது தெரியுது. இப்ப சளியே இல்லை, வெறும் இருமலா இருக்கு. மருந்துக்காரர்கிட்ட போனீங்களா?"

"அது கல்லுத்தூசி. எல்லாருக்கும் வர்றதுதானே." அதற்குள் நாலு சுற்றுச் சுற்றித் தலை கிறுகிறுத்து, லானியன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஓரமாக உட்கார்ந்து பொம்மைச் சட்டி செய்துகொண்டிருந்த அயினா கைகொட்டிச் சிரித்தாள். காதலிக்க வந்தவன் தலைசுற்றல் தீரும்வரை உட்கார்ந்துவிட்டு, காராமணி வடை ஒன்று வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

பொலாரின் வந்தது வேறு மாதிரி. வெயில் சாய்ந்த பிறகு வந்து, தாழி நிழலில் பலகை போட்டு உட்கார்ந்தார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நிதானமானவர். கல்லில் இரண்டு பக்கமிருந்தும் துளை போட்டால் நடுவில் சரியாகச் சந்திக்கும், அப்படிக் கை.

"அயினாம்மா, ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. உனக்கும் புள்ளைக்கும் கிழங்கும் எண்ணெயும் குறையாது. ஒஜெலாடே பங்குக் கல்லை நானே துளைச்சு, வர்றதை அயினா கல்யாணத்துக்கு வெச்சிருவேன்."

"உங்க மனசு எனக்குத் தெரியுங்க பெரிய புருஷரே."

"ஒண்ணு மட்டும். தாழி வேணாம். கல்லு மலையா குவிஞ்சு கிடக்கு. மெருகு போட ஆளு பத்தலை. தாழிக்கு மண்ணு தோண்டி, இடிச்சு, ஊறவெச்சு, மிதிச்சு... அத்தனை நாள்ல நீ எவ்வளவு மணி தேய்ச்சிருவ."

அவேரோ ஈரத் துணியால் விளிம்பை மூடினாள். "தாழியை விட்டுட்டா எனக்குக் கை எதுக்குன்னு தெரியாதுங்க."

"பழகிரும்."

"பழகிரும்னுதாங்க பயமா இருக்கு."

அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் மெல்லும் கோலாக் கொட்டையை உடைத்து அவளுக்குப் பாதி கொடுத்துவிட்டு எழுந்து போனார். நானாக இருந்தால் அந்த நிமிஷமே அவர் குச்சியை எடுத்திருப்பேன். வயிறு நிறைய வழி இருக்கும்போது மண்ணாவது தாழியாவது என்று அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

"உங்களுக்கென்ன அக்கா, உங்க வீட்டுக்காரரு நல்லாத்தானே இருக்காரு," என்றாள். 

*

சூளை போடும் நாள் அவேரோ தாழியைக் களத்துக்குக் கொண்டுவரவில்லை. ஓடையைத் தாண்டிப் பாறைச் சரிவுக்குச் சுமந்துகொண்டு போனாள். இன்னும் சுடாத பச்சைத் தாழி அது, வழியில் ஒரு கல் தடுக்கினாலும் போச்சு. நாலு பேர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு போனோம். விறகும் பட்டையும் காய்ந்த புல்லும் தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது.

"என்னடி இது கோட்டிக்காரத்தனம்? இத்தனை வருஷமா எரிச்ச களம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று நான் கேட்டேன்.

"புகை கூடத்துக்குள்ள போகுதாமே அக்கா."

"அது துக்கத்துல சொன்ன பேச்சு."

"துக்கத்துல சொன்னாலும் சொன்னதுதானே. நெசமா இருந்தா?"

அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷனைத் தன் தாழியே கொன்றுவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே அவள் அந்தத் தாழியைக் கட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. புல்கட்டைத் தலைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

தாழியைக் கவிழ்த்து, சுற்றிலும் சட்டிகளை அடுக்கி, விறகைச் சாய்த்து, மேலே புல்லைப் போர்த்தி நெருப்பு வைத்தோம். காற்று வடக்கிலிருந்து வந்தது. புகை எழுந்து, சாய்ந்து, ஆற்றுப் பக்கமாகப் போனது. ஊர்ப் பக்கம் ஒரு துளி போகவில்லை. மரக்காய்த் தோலை ஊறவைத்த நீர் இன்னும் ஒரு குடம் வேண்டியிருந்தது. வெந்த பானை செக்கச்செவேலென்று இருக்கும்போதே அதைத் தெளித்தால்தான் தண்ணீர் கசியாது. அதை எடுக்க நான் ஊருக்குள் வந்தேன்.

மணிக்கூடத்தின் பின்பக்கம் ஓயாபி நின்றுகொண்டிருந்தாள். கையில் கோத்தும் கோக்காத மணிச்சரம். மூக்கை நிமிர்த்திக் காற்றை முகர்ந்தாள்.

"அவ இன்னிக்கு எரிக்கலையா?"

"எரிக்கறாளே அக்கா. பாறைக்கு அந்தாண்ட. உங்க கூடத்துக்குப் புகை வரக்கூடாதுன்னு தாழியை அங்க சுமந்துட்டுப் போயிருக்கா."

"அவ்வளவு தூரமா?"

"அவ்வளவு தூரந்தான். எங்க இடுப்பு போச்சு."

"புகை எந்தப் பக்கம் போகுது?"

"ஆத்துப் பக்கம். இங்க வாசமே இல்லையே, பாருங்க."

"இல்லை," என்றாள் ஓயாபி.

கூடத்துக்குள் டக் டக் என்று ஊசிச் சத்தம். அதற்கு நடுவில் பொலாரின் இருமினார். அடிவயிற்றிலிருந்து வரும் வறட்டு இருமல், ஒஜெலாடே இருமிய அதே இருமல். அவர் ஓய்ந்ததும் லானியன் தொடங்கினான். ஓயாபி அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மணியிலிருந்து உதிர்ந்த கல்மாவு ரேகையெல்லாம் நிறைத்திருந்தது. அவள் அதைத் துணியில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கினேன். வாயை மூடுவது எனக்கு லேசில் வராது.

தாழி நன்றாக வெந்தது. இரண்டு கம்பால் நெம்பி எடுத்து, துடைப்பத்தால் அந்த நீரைத் தெளித்தபோது சுருசுருவென்று சத்தம் போட்டுக் கறுத்து மினுங்கியது. அவேரோ விரலை மடக்கித் தட்டினாள். வெண்கல மணி மாதிரி கேட்டது. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. மறுநாள் காலையில் குச்சி வருகிறதென்று மணிக்காரர் வீட்டுப் பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

*

வீட்டுப் பெரியவர் எல்லாருக்கும் அப்பா முறை. காலையில் நடைக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், மனைவிமார் ஒரு பக்கம். சூளை கூட்டாளி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சோளக்கூழ் ஆவி பறக்க வந்தது, யாரும் தொடவில்லை. ஓயாபி மட்டும் தூணோரம் தன் வழக்கமான இடத்தில், வாயில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

மூத்த மருமகள் சுரைக்குடுக்கைத் தட்டைக் கொண்டுவந்து அவேரோவுக்கு முன்னால் வைத்தாள். மூன்று குச்சிகள்.

"தடியா இருக்கறது பொலாரினோடது," என்றார் பெரியவர். "நுனி துடைப்பமா விரிஞ்சது லானியனோடது. குட்டியா இருக்கறது பொலாரின் மகனோடது. உனக்கு ஒரு வழி இருக்கட்டும்னு அதை நானே வெச்சேம்மா. உன்னை யாரும் நெருக்கலை. பாத்து எடு."

அவேரோ முழங்காலிட்டுத் தரையில் கை ஊன்றினாள். அயினா அவள் முதுகில் சாய்ந்து நின்றாள்.

"மூணு பேரும் எனக்குப் புருஷருங்கதான் அப்பா. மூணு பேருக்கும் கும்பிடு. ஆனா என் புருஷரு ஒருத்தரோட குச்சி தட்டுல இல்லைங்க."

"யாரைச் சொல்ற?"

"நெட்டைப் புருஷரை."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு லானியன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, தோளைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மனைவிமார் துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அவ பொண்ணும்மா," என்றார் பெரியவர்.

"வந்த நாள்ல இருந்து காலையில முட்டி போட்டு, புருஷரேன்னு கும்பிட்டுட்டு வர்றேங்க. ஒரு நாளும் யாரும் என்னை எழுப்பி, அது பொண்ணு, அப்படிக் கூப்பிடாதன்னு சொல்லலை. இந்தக் குட்டிக் குச்சியை எடுக்கலாம்னா, அவருக்கு மட்டும் மீசையா முளைச்சிருக்கு?"

"இது நல்லா இல்லை," என்றார் பொலாரின், மெதுவாகத்தான். "நாளைக்கு இதையே வழக்கம்னு புடிச்சுக்குவாங்க."

பெரியவர் கோலாக் கொட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வீட்டுல பிறந்தவங்க குச்சின்னுதான் எங்கப்பன் எனக்குச் சொன்னாரு. ஆம்பளைக் குச்சின்னு சொன்னதா ஞாபகம் இல்லை." பிறகு அவேரோவைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. குச்சியைக் கேட்டு வாங்கற வழக்கம் கிடையாது. அவளா குடுத்தா உண்டு. குடுக்கலைன்னா நீ இந்த மூணுல ஒண்ணை எடுக்கணும். இல்லைன்னா புள்ளையை இங்க விட்டுட்டுக் கிளம்பணும். சம்மதமா?"

"சம்மதங்க."

பைத்தியக்காரி என்று நினைத்தேன். பேச்சுக்குப் பேச்சு கொடுக்காதவளிடம் போய்த் தன் வாழ்க்கையை வைத்துவிட்டாளே!

எல்லார் முகமும் தூண் பக்கம் திரும்பியது. ஓயாபி தலை நிமிரவில்லை. கையில் இருந்த சரத்தை முடிக்கப் பார்த்தாள். ஒரு மணி, இன்னொரு மணி. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி முடிச்சுப் போட்டாள். சரத்தை மடியிலிருந்து எடுத்துக் கூடையில் வைத்தாள். அயினா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஓயாபி எழுந்து வந்தாள். வாயிலிருந்த குச்சியை எடுத்துத் துணியில் துடைத்தாள். தட்டில் வைக்கவில்லை. குனிந்து, ஊன்றியிருந்த அவேரோவின் கையைத் திருப்பி, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இனிமே பாறைக்குச் சுமக்காத," என்றாள். "இங்கயே எரி. எங்கண்ணன் புகையால சாகலை."

 பொலாரின் இருமலை அடக்கப் பார்த்தார். அடக்கி அடக்கி அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.